அறுபத்தொன்றில் நான் அங்கே இருந்தேன்

ஞாயிறு மாலை மன்ற அறையில்
உப்பில் ஊறிய லூபின் பயறைக் கடித்து
தோலைத் தட்டில் துப்பியபடி
நாங்கள் ஏழு பேர் அந்தக் கோலை
மறுபடி அடிக்கிறோம்.

பந்து இடப்பக்கத்திலிருந்து வந்தது என்கிறான் குவால்டர்.
வலப்பக்கம், என் பிள்ளை மேல் ஆணையாக வலப்பக்கம்,
குவளையை மேசையில் ஓங்கி வைக்கிறாள் சுல்மீரா.
அன்றைக்கு அவளுக்கு எட்டு மாதம்.
வயிற்றுக்குள் இருந்த மகனும்
பார்த்ததாகத்தான் சொல்லித் திரிகிறான்.

லிஸ்பனுக்கு அப்போது பாலம் கிடையாது.
எங்கள் கரையிலிருந்து போனவை இரண்டு படகு.
நெருக்கி அடைத்தாலும் நானூறு தலை தேறாது.
இன்றைக்கு ‘நான் இருந்தேன்’ என்பவர்களை ஏற்றினால்
தேஜு ஆற்றில் தண்ணீர் தெரியாது.
அதில் ஒரு தலை என்னுடையது,
அறுபது வருடமாக.

நான் தக்கை ஆலையில் இருந்தேன்.
கொதிதொட்டிக்கு ஒரு ஆள் வேண்டும் என்றார் மேஸ்திரி,
கல்யாணம் ஆகாதவன் நான் ஒருவன்தான்.
வேகும் மரப்பட்டையின் புளித்த மண்வாசனை.
ஆணியில் தொங்கிய ரேடியோ
ஆவி குடித்து இருமியது, கரகரத்தது,
எண்பத்தேழாம் நிமிடத்தில் செத்தது.

பிறகு நாய்கள் குரைத்தன.
மேஸ்திரியின் மனைவி மாவுக் கையோடு ஓடி வந்து
வாசலில் நின்று இரண்டு விரலைக் காட்டினாள்.
நமக்கு இரண்டா, அவர்களுக்கா?
மூச்சு வாங்கியது அவளுக்கு.
அவள் சிரிக்கும் வரை நான் துடுப்பைக் கீழே விடவில்லை.

மறுநாள் முடிதிருத்துபவன் கேட்டான்:
‘பார்த்தாயா?’
கழுத்தில் கத்தி இருந்தது.
‘பார்த்தேன்’ என்றேன்.

உரித்த தக்கை மரம் ஒன்பது வருடத்தில்
மறுபடி தோல் போர்த்திக்கொள்ளும்.
அந்த ஒரு சொல்லுக்கு நான்
ஆறு முறை பட்டை வளர்த்திருக்கிறேன்.
காற்றின் திசை சேர்த்தேன்,
பக்கத்தில் அழுத போலீஸ்காரனைச் சேர்த்தேன்.
தக்கை வேலை செய்தவனுக்குத் தெரியாதா,
எது மூழ்காது என்று.

எழுபத்தெட்டில் இரண்டாவது கோப்பை.
அதற்கு மெய்யாகவே போனேன்.
முன்வரிசையில் தொப்பி போட்ட ஒரு நெட்டையன்;
அவன் பிடரியில் இருந்த மச்சத்தை
இப்போதும் வரைந்து காட்டுவேன்.
பெனால்டி உதைக்கையில் கண்ணை மூடிக்கொண்டேன்.
டிக்கெட் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.
யாரும் அந்த வருடத்தைப் பற்றிக் கேட்பதில்லை.

போன மாசி மாதம் பெலார்மினோ ஆஸ்பத்திரியில்.
இவனிடமாவது சொல்லிவிடலாம் என்று
நாலு ஆரஞ்சோடு போனேன்.
நான் வாயைத் திறப்பதற்குள் அவன் திறந்தான்:

‘அறுபத்தொன்று ஞாபகம் இருக்கிறதா?
படி இறங்கும்போது கூட்டத்தில் உன் ஷூ போய்விட்டது.
இடது கால். கொட்டுகிற மழை.
படகுத்துறை வரை உன்னை நான்தான்
முதுகில் சுமந்தேன். பாவி, என்ன கனம்!’

குழாய் செருகிய மூக்கோடு சிரித்தான்.
யாரைச் சுமந்தானோ.
ஒருவேளை அவனும் அந்தப் படகில் ஏறவில்லையோ.
அவன் கை என் சட்டையைப் பிடித்திருந்தது,
தோளில் ஏற்றப்போகிறவன் போல.

நான் ஆரஞ்சை உரித்தேன்.
‘பழுப்பு ஷூ’ என்றேன்.
‘புதுசு. அம்மா திட்டித் தீர்த்தாள்.’

பெட்டியின் மேல் மன்றக் கொடியைப் போர்த்தினோம்.
கோப்பையைக் கொண்டுவந்து கால்மாட்டில் வைத்தான் குவால்டர்,
குழந்தைகள் விளையாடிக் கீழே போட்ட நசுங்கலோடு.

நேற்று சொந்த மைதானத்தில்
மூன்று கோல் வாங்கித் தோற்றோம், மழையில்.
அறுபது பேர் இருந்தோம், நாயையும் சேர்த்து.
வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றினேன்.
வலது காலுறை உலர்ந்திருந்தது.
இடதைப் பிழிந்து
அடுப்பருகே காயப்போட்டேன்.